உலக சினிமா ஆண்டுக் கணக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணத்தில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நண்பர் வீட்டு மாடியில் கூடிப் படம் பார்க்கிறோம். ஆஸ்கர் முடிந்த கையோடு, பங்குனி வாக்கில், போன வருடம் உலக சினிமாவில் நடந்ததை எட்டுப் பக்கத்தில் எழுதி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. 2024க்கு நான் எழுதியதைப் படித்துவிட்டு, கூட்டத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஏழு இடத்தில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். கோபம் வந்தது. ஆனால் ஏழும் தவறுதான். இந்த மாதிரித் தொகுப்பு எழுதுகிற யாரும் அநேகமாக இதே இடங்களில்தான் வழுக்குகிறார்கள்.

பெரிய குழப்பம் வருடத்தில். 'பாரசைட்' என்ற கொரியப் படம் எந்த வருடத்துப் படம்? பிரான்ஸின் கான் ('கேன்ஸ்') திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கப் பனை வாங்கியது 2019 மே மாதம். கொரியாவில் வெளியானதும் அதே மாதக் கடைசியில். இந்தியத் திரையரங்குக்கு வந்தது 2020 ஜனவரியில், சிறந்த படத்துக்கான ஆஸ்கர் 2020 பிப்ரவரியில். நம் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 'கூழாங்கல்' ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது 2021இல். நம்மில் பெரும்பாலோர் அதை ஓடிடியில் பார்த்தது 2023 அக்டோபரில். இரண்டு வருடத் தொகுப்பிலும் அதைப் போட்டவர்கள் உண்டு.

எங்கள் கூட்டத்துக்குத் திருவாரூர்ப் பக்கமிருந்து வரும் மாமா ஒருவர், "இத்தனை தேதி சொன்னா எதைத்தான் தம்பி வச்சுக்கறது?" என்று கேட்டார். "இப்ப அறுத்தீங்களே மாமா, அது எந்த வருஷத்துச் சம்பா?" என்றேன். "ஆவணியில விதைச்சோம், தையில அறுத்தோம். சொசைட்டியில 2024-25னு எழுதுறான்" என்றார். அவ்வளவுதான் விஷயம். விதைத்த தேதி, அறுத்த தேதி, விற்ற தேதி எல்லாம் உண்மை. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதைத் தாளின் தலையிலேயே சொல்லிவிட வேண்டும். நான் இப்போது முதல் பொதுத் திரையிடல் நடந்த வருடத்தை வைத்துக்கொள்கிறேன். ஆஸ்கர் கிடைத்த வருடத்தை வைத்து எழுதினால் மொத்தத் தொகுப்பும் ஒரு வருடம் பின்தங்கிவிடும்.

அடுத்தது நாடு. இதில் நான் போட்ட கூத்து கொஞ்சமில்லை. பேசும் மொழியைப் பார்த்து நாட்டை எழுதிவிட்டேன். 'சந்தோஷ்' இந்திப் படம், கதை நடப்பது வட இந்தியாவில். 2024இல் அதை ஆஸ்கருக்கு அனுப்பியது பிரிட்டன். 'தி சீட் ஆஃப் தி சேக்ரட் ஃபிக்' பாரசீக மொழிப் படம். எட்டாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டதும் இயக்குநர் முகமது ரசூலோஃப் ஈரானைவிட்டுத் தப்பிப் போனார், படத்தை அனுப்பியது ஜெர்மனி. 'எமிலியா பெரெஸ்' ஸ்பானிஷ் பேசுகிறது, மெக்சிகோவில் நடக்கிறது, ஆனால் இயக்குநர் ஜாக் ஒடியார் பிரெஞ்சுக்காரர், படமும் பிரான்ஸின் பெயரில்தான் போனது. 2024 விதிப்படி, ஆஸ்கரின் சர்வதேசப் படப் பிரிவுக்கு ஒரு நாடு ஒரு படம்தான் அனுப்பலாம். தேர்ந்தெடுப்பது அந்தந்த நாட்டுக் குழு. இந்திய இயக்குநர் பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்' கானில் பரிசு வாங்கியும், இங்கே குழு தேர்ந்தெடுத்தது 'லாபதா லேடீஸ்' படத்தை. அது 15 படங்கள் கொண்ட குறும்பட்டியலுக்கு வரவில்லை, பிரிட்டன் அனுப்பிய இந்திப் படம் வந்தது! இன்னொரு வேடிக்கை: 2019இல் நைஜீரியா அனுப்பிய 'லயன்ஹார்ட்' தகுதி இழந்தது, வசனத்தில் பெரும்பகுதி ஆங்கிலம் என்பதற்காக. அந்த நாட்டின் ஆட்சி மொழியே ஆங்கிலம்தான்.

குடகில் பிறந்து, மேட்டூரில் தேங்கி, கல்லணையில் பிரிந்து பூம்புகாரில் கடலில் சேரும் ஆற்றின் கரையில் இருந்துகொண்டு, ஒரு படத்துக்கு ஒரே ஒரு சொந்தக்காரர்தான் என்று நான் எழுதியிருக்கக் கூடாது. இப்போதெல்லாம் இயக்குநர் எந்த நாடு, பணம் எந்த நாடுகளிலிருந்து, அனுப்பியது எந்த நாடு என்று மூன்றையும் தனித்தனியே குறித்துவிடுகிறேன்.

'ஆஸ்கர் பட்டியலில் இடம்பிடித்த படம்' என்று செய்தியில் வந்தால் உடனே எழுதாதீர்கள். எந்தப் பட்டியல்? போட்டிக்குத் தகுதியான படங்கள் என்று ஆஸ்கர் தரும் அகாதமி வருடா வருடம் வெளியிடும் நீண்ட பட்டியலில் பெரும்பாலும் 300க்கு மேல் இருக்கும். திரையரங்கில் ஓடிய விதிமுறைகளை நிறைவு செய்து, விண்ணப்பம் கொடுத்தால் அதில் பெயர் வரும். அது வேறு, குறும்பட்டியல் வேறு, சர்வதேசப் பிரிவில் கடைசியாக வரும் ஐந்து பரிந்துரைகள் வேறு.

கானிலும் இதே கதைதான். விழா நடக்கும் நாட்களில் அங்கே பெரிய சினிமாச் சந்தையும் நடக்கிறது. காசு கட்டினால் உங்கள் படத்தை அங்கே போட்டுக்காட்டலாம். ஊருக்கு வந்து 'கானில் திரையிடப்பட்டது' என்று போஸ்டர் அடிக்கலாம், பொய்யும் இல்லை. போட்டிக்குள்ளேயும் பிரிவுகள் உண்டு. 2024இல் அனசூயா சென்குப்தா சிறந்த நடிகை ஆனது 'அன் செர்ட்டன் ரிகார்ட்' என்ற பிரிவில். முதன்மைப் போட்டியில் அந்தப் பரிசைப் பெற்றவர்கள் 'எமிலியா பெரெஸ்' படத்தின் நான்கு நடிகைகள். சென்குப்தாவின் பரிசு சின்னதல்ல, அந்தப் பிரிவில் அதை வாங்கிய முதல் இந்தியர் அவர். ஆனால் இரண்டையும் ஒன்றாக எழுதக் கூடாது. கபாடியா பெற்ற 'கிராண்ட் பிரி' பெயரைக் கேட்டால் முதல் பரிசு மாதிரி இருக்கும். அது இரண்டாவது. முதல் பரிசு தங்கப் பனை, அந்த வருடம் 'அநோரா'வுக்கு.

வசூலை எழுதும்போது அளவு என்ன என்று பாருங்கள். எங்கள் பக்கம் நெல் அறுத்ததும் "மாவுக்கு எத்தனை மூட்டை கண்டுது?" என்பார்கள், மா என்பது நில அளவு. கொள்முதல் நிலையத்தில் மூட்டை 40 கிலோ, வியாபாரி கணக்கில் 60 கிலோ. இது தெரியாமல் பேசினால் சண்டைதான் வரும். அமெரிக்கா டாலரில் சொல்கிறது, சீனா யுவானில். பிரான்ஸும் தென்கொரியாவும் டிக்கெட் எண்ணிக்கையைச் சொல்கின்றன. 2024இல் கொரியாவில் 'எக்ஸூமா' ஒரு கோடிப் பேரைத் தாண்டியது. அங்கே மக்கள்தொகையே ஐந்து கோடிச் சொச்சம். டாலருக்கு மாற்றி எழுதினால் இந்தச் சேதி காணாமல் போய்விடும்.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை: கொரியர்களுக்குக் குடும்பப் பெயர் முதலில் வரும், 'பாரசைட்' எடுத்த போங் ஜூன் ஹோவில் போங்தான் குடும்பப் பெயர். அப்புறம், நம் நாளிதழ்கள் 'கேன்ஸ்' என்று எழுதினாலும் பிரெஞ்சுக்காரர் வாயில் அது கான்.

வாத்தியார் போட்ட கடைசி வட்டம் லாத்வியாவின் மேல். மக்கள்தொகை 20 லட்சத்துக்கும் குறைவான அந்த நாட்டுப் படமான 'ஃப்ளோ'வை 'பூனை கார்ட்டூன்' என்று அரை வரியில் முடித்திருந்தேன். கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் அதை ப்ளெண்டர் என்ற இலவச மென்பொருளில் செய்தார். வசனமே இல்லை. 2025 மார்ச்சில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் அதற்குத்தான் கிடைத்தது, லாத்வியாவுக்கு அதுவே முதல் ஆஸ்கர். திருத்தம் வந்த பிறகு மாடியில் அதைப் போட்டோம். வெள்ளம் வீட்டுப் படியில் ஏறி, ஜன்னலைத் தொட்டு, பூனை உயரமான இடம் தேடி ஓடும் இடத்தில் மாமா நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தார்.

"தண்ணி ஏர்றதைச் சரியா எடுத்திருக்கான் தம்பி. ஆறு உடைச்சுக்கிட்டா இப்படித்தான், கொல்லைப்பக்கமா வரும்."

லாத்வியாவுக்கு அரைப் பக்கம் ஒதுக்கித் தாளை மறுபடி ஜெராக்ஸ் எடுத்தேன்.