கார்கி வாங்கும் முன்: நாய் இல்லாமலே ஓர் ஒத்திகை

பஞ்சுவை நடைக்குக் கூட்டிப் போனால் வாரத்துக்கு ஒருவராவது வழிமறிப்பார். பஞ்சு எங்கள் வீட்டுக் கார்கி, வயது 9. "இதே மாதிரி ஒண்ணு வாங்கணும், எங்கே கிடைக்கும்?" என்று ஆரம்பிப்பார்கள். நான் பதில் சொல்லாமல், "உங்க வீட்ல எத்தனை படிக்கட்டு?" என்று கேட்பேன். கேட்டவர் விழிப்பார்.

நரி முகம், நிமிர்ந்த காது, தரையோடு ஒட்டிய கால். படத்தில் இவ்வளவுதான் தெரியும். உங்கள் வீட்டுக்கும் உங்கள் நாளுக்கும் இந்த நாய் ஒத்து வருமா என்பது படத்தில் தெரியாது. ஆனால் அதில் பெரும்பகுதியை நாய் வாங்காமலே சோதித்துப் பார்த்துவிடலாம். 15 நாள் போதும். கீழே உள்ள படிகளை வரிசையாகச் செய்துகொண்டு வாருங்கள்.

படி 1: இது எந்த வேலைக்கு வந்த நாய் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கார்கியின் ஊர் வேல்ஸ். வெல்ஷ் மொழியில் 'கோர்' என்றால் குள்ளம், 'கி' என்றால் நாய். மாடு ஓட்டுவதுதான் அதன் வேலை. நகராத மாட்டின் குதிகாலில் சட்டென்று ஒரு கடி. மாடு உதைத்தால் இதன் உயரத்துக்கு உதை தலைக்கு மேலே போய்விடும். அந்தக் குட்டைக் காலை அழகுச் சமாசாரமாக நினைக்காதீர்கள், அது தொழில் கருவி.

இதில் இரண்டு இனம் உண்டு, பெம்ப்ரோக், கார்டிகன் என்று. நாய் இனங்களைப் பதிவு செய்யும் பிரிட்டனின் கென்னல் கிளப் 1934இல் இரண்டையும் தனித்தனி இனமாகப் பிரித்தது. பெம்ப்ரோக் 25 முதல் 30 சென்டிமீட்டர் உயரம், 10 முதல் 14 கிலோ வரை எடை. கார்டிகன் கொஞ்சம் பெரியது, காது அகலமாகவும் நுனி உருண்டும் இருக்கும், நீளமான வால் உண்டு. பெம்ப்ரோக்குக்குப் பிறவியிலேயே வால் குட்டையாக இருக்கலாம், வெட்டியும் விடுவார்கள். பல நாடுகளில் வால் வெட்டுவதற்கு இப்போது தடை இருப்பதால் வாலுள்ள பெம்ப்ரோக்குகளையும் பார்க்கலாம். ஆக, வாலை மட்டும் பார்த்து இனத்தைச் சொல்லாதீர்கள்.

மடியில் சுருண்டு கிடக்க ஒரு நாய் வேண்டும் என்று தேடுகிறவர் இந்தப் படியிலேயே நின்றுகொள்ளலாம். பஞ்சு என் மடியில் அதிகம் போனால் மூன்று நிமிடம் இருப்பான். அப்புறம் ஜன்னலுக்குக் காவல் போய்விடுவான்.

படி 2: 15 நாள் நடந்து பாருங்கள்

நாளை முதல் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி நடங்கள். வளர்ந்த கார்கிக்குத் தினமும் ஏறத்தாழ ஒரு மணி நேர நடமாட்டம் வேண்டும். கையில் வெறும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொல்லவில்லை, அக்கம்பக்கத்தில் வேறு மாதிரி நினைத்துக்கொள்வார்கள். காலண்டரில் நடந்த நாளுக்கு ஒரு கோடு போடுங்கள், போதும். மழை பெய்தாலும், தலைவலித்தாலும், விருந்தாளி வந்தாலும் நடை உண்டு. வெயில் நாளில் தரையில் புறங்கையை வைத்து ஏழு நொடி தாங்குகிறதா என்று பாருங்கள். தாங்காவிட்டால் பாதமும் தாங்காது, வெயில் ஏறும் முன் கிளம்ப வேண்டும். அடர்ந்த முடி, தரைக்குப் பக்கத்தில் வயிறு, இரண்டும் சேர்ந்து கார்கிக்குச் சூடு சீக்கிரம் ஏறும்.

நடையோடு, தினமும் பத்து நிமிடம் போனை அறைக்கு வெளியே வைத்துவிட்டுச் சும்மா உட்காருங்கள். அது பயிற்சிக்கான நேரம். நாய்களின் அறிவைத் தரவரிசைப்படுத்திய உளவியலாளர் ஸ்டான்லி கோரன், பெம்ப்ரோக்கை 11ஆம் இடத்தில் வைத்தார். கேட்கப் பெருமையாக இருக்கும். ஆனால் புத்தியுள்ள நாய்க்கு வேலை கொடுக்காவிட்டால் அதுவே ஒரு வேலையைக் கண்டுபிடித்துக்கொள்ளும். பஞ்சு கண்டுபிடித்த முதல் வேலை, ஷூ அலமாரியைத் திறப்பது.

வீடு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஆளில்லாமல் கிடக்கிறது என்பதையும் அதே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். வளர்ந்த நாய்க்கே நான்கு மணி நேரத்துக்கு மேல் தனிமை கஷ்டம், குட்டிக்கு அதில் பாதிகூடத் தாங்காது. 15 நாளில் நடை நான்கு முறை தவறியிருந்தால், என் கணக்கில் இந்த வருஷம் உங்களுக்குக் கார்கி வேண்டாம்.

படி 3: ஒரு வாளித் தண்ணீர்

எல்லாப் படிகளிலும் முக்கியமானது இதுதான். கார்கியின் குட்டைக் காலுக்குக் காரணம் மரபணு மாற்றங்கள். அவற்றில் ஒன்று முதுகெலும்பின் கணுக்களுக்கு இடையில் மெத்தை போல உள்ள டிஸ்க்குகளையும் சீக்கிரம் இறுகவைக்கிறது. இறுகிய டிஸ்க் ஒரு தாவலில் பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தினால் பின்னங்கால்கள் செயலிழந்து போகலாம்.

பஞ்சுவுக்கு ஆறு வயதில் இது வந்தது. முதல் நாள் இரவு கட்டிலிலிருந்து எப்போதும் போலக் குதித்தான். காலையில் கிண்ணத்தின் சத்தம் கேட்டும் எழவில்லை. எழுந்தபோது பின்னங்கால் நகம் தரையில் உரசிக்கொண்டே வந்தது. அந்தச் 'சரக் சரக்' சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. தப்பித்தான். நான்கு வாரம் கூண்டை விட்டு இறங்கவிடாமல் மருந்தும் ஓய்வுமாகப் பார்த்துக்கொண்டோம். அன்றிலிருந்து எங்கள் மெத்தை தரையில்தான் கிடக்கிறது.

அதனால்தான் படிக்கட்டைப் பற்றிக் கேட்கிறேன். ஒரு வாளியில் 12 லிட்டர் தண்ணீர் பிடியுங்கள். 12 கிலோ, ஒரு நடுத்தரக் கார்கியின் எடை. அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் படியில் ஏறி இறங்குங்கள். இரவில் ஒரு முறை, அவசரமாக ஒரு முறை. முதுகு வலி வந்த கார்கியை இப்படித்தான் சுமக்க வேண்டியிருக்கும். வராத கார்கியையும் செங்குத்தான படிகளில் தினமும் பலமுறை ஓடவிடாமல் இருப்பது நல்லது. இத்தனைக்கும் வாளிக்குக் கைப்பிடி இருக்கிறது. நாயைத் தூக்கும்போது ஒரு கை மார்புக்குக் கீழே, இன்னொரு கை பின்தொடைக்கும் பிட்டத்துக்கும் கீழே, முதுகு தரைக்கு இணையாக இருக்க வேண்டும். முன்னங்கால் கக்கத்தில் கைகொடுத்துக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கினால் முழு எடையும் முதுகில் தொங்கும்.

அப்படியே வீட்டைச் சுற்றி வாருங்கள். வழவழப்பான தரை எவ்வளவு தூரம் இருக்கிறது? அங்கே மிதியடி போட வேண்டும். சோஃபாவுக்கும் காருக்கும் சாய்தளம் வேண்டும்.

படி 4: முடி

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: உதிரும். கார்கிக்கு இரண்டு அடுக்கு முடி. மேலே நீளமும் சொரசொரப்புமாக ஒன்று, அடியில் பஞ்சு போல ஒன்று. (பெயர்க் காரணம் புரிந்திருக்கும்.) வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, வருஷத்துக்கு இரண்டு முறை மொத்தமாகக் கொட்டும். அந்த வாரங்களில் தினமும் சீவ வேண்டும். மொட்டையடித்தால் பிரச்சினை தீரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த முடி வெயிலிலிருந்தும் தோலைக் காக்கிறது, எடுத்தால் பழையபடி முளைக்காமலும் போகலாம். சோஃபாவில் ஒட்டியதை எடுக்க ரப்பர் கையுறையை லேசாக நனைத்து ஒரே பக்கமாகத் தேயுங்கள், திரிதிரியாகச் சுருண்டு வரும்.

வீட்டில் யாருக்காவது ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ இருந்தால், நாய் இருக்கும் ஒரு வீட்டில் அவரை இரண்டு மணி நேரம் உட்காரவைத்துப் பாருங்கள்.

படி 5: குரலும் குதிகாலும்

கார்கியின் குரைப்பு அதன் உடம்புக்குப் பொருந்தாத அளவு கனமானது. அழைப்பு மணி, லிஃப்ட், பூனை, சில நாள் காற்று, எதற்கும் குரைக்கும். பயிற்சியால் குறைக்கலாம், முழுக்க நிறுத்த முடியாது. சுவர் பங்கிடும் வீடாக இருந்தால் பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

அப்புறம் குழந்தைகள். ஓடுகிற எதுவும் கார்கியின் கண்ணுக்கு மந்தையிலிருந்து பிரிந்த மாடுதான், குழந்தை உட்பட. பின்னால் போய்க் குதிகாலைக் கவ்வும். கோபத்தில் செய்வதில்லை, ஆனால் மூன்று வயதுக் குழந்தைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. கவ்வியதும் அசையாமல் நின்று, நாயின் வாயில் ஒரு பொம்மையைத் திணித்து, அதை விட்டதும் பரிசு கொடுப்பது என்று மாதக்கணக்கில் பழக்க வேண்டும். நடை பழகும் குழந்தை இருக்கும் வீட்டுக்கு நான் கார்கியைச் சொல்ல மாட்டேன், இரண்டு மூன்று வருஷம் பொறுங்கள் என்பேன்.

இரண்டாம் எலிசபெத் ராணிக்கு 18ஆம் பிறந்தநாள் பரிசாக 1944இல் சூசன் என்ற கார்கி வந்தது. அதன் பிறகு வாழ்நாளில் முப்பதுக்கும் மேல் வளர்த்தார். அவரையே 1991இல், சண்டை போட்ட தன் கார்கிகளை விலக்கப் போனபோது கையில் கடித்து, மூன்று தையல் போட்டார்கள். மகாராணி என்று அதற்குத் தெரியுமா என்ன?

படி 6: செலவும் தீனியும்

குட்டியின் விலை சின்னக் கணக்கு. 12, 13 வருஷம் உணவு, தடுப்பூசி, மருத்துவர், ஊருக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஆள் என்று எழுதிக் கூட்டுங்கள். அவசர அறுவைச் சிகிச்சைக்கு என்று தனியாக ஒரு தொகை ஒதுக்க முடியுமா என்றும் பாருங்கள்.

கார்கி எப்போதும் பசித்த முகத்தோடு பார்க்கும். நம்பாதீர்கள். கூடும் ஒவ்வொரு கிலோவும் அந்த முதுகுக்குத்தான் பாரம். கையை விரித்து வைத்துப் புறங்கை எலும்புகளைத் தடவுங்கள். நாயின் விலா அப்படித் தட்டுப்பட்டால் சரியான எடை. கையைத் திருப்பி, உள்ளங்கையின் சதைப்பகுதி போல மெத்தென்று இருந்தால் குண்டு. முட்டி மடக்கிய விரல் கணு போலத் துருத்தினால் மெலிவு. வீட்டில் திருட்டுத்தனமாக ஊட்டும் கை யாருடையது என்று இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. எங்கள் வீட்டில் அது என் அப்பா.

படி 7: நிஜக் கார்கியைப் பாருங்கள்

இதற்குள் மனம் மாறாவிட்டால், வளர்ப்பவர் ஒருவரிடம் கேட்டு ஒரு மாலை முழுக்க ஒரு வளர்ந்த கார்கியோடு இருங்கள். குட்டியைப் பார்க்கப் போகாதீர்கள், குட்டியைப் பார்த்துவிட்டு யாரும் 'வேண்டாம்' என்று திரும்பியதில்லை.

குட்டி விற்பவரிடம் போகும்போது தாயைப் பார்க்கக் கேளுங்கள். காட்டாவிட்டால் கிளம்பிவிடுங்கள். தாய் தகப்பன் இருவருக்கும் இடுப்பு மூட்டு, கண் பரிசோதனை நடந்ததா, வான் வில்லபிராண்ட் என்ற ரத்தம் உறையாமைக் கோளாறுக்கும், தண்டுவடம் மெல்ல நலியும் நோய்க்கும் மரபணுச் சோதனை செய்தார்களா என்று கேட்டு, தாளைக் கையில் வாங்கிப் படியுங்கள். அந்தத் தண்டுவட நோய் பெரும்பாலும் வயதான பிறகே வரும், வலி இருக்காது, பின்னங்கால் கொஞ்சம் கொஞ்சமாக நடை மறக்கும். அதற்கு மருந்து இல்லை. எட்டு வாரம் ஆகாத குட்டியை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். காப்பகத்தில் வளர்ந்த கார்கி கிடைத்தால் அதையும் யோசியுங்கள். குணம் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

படி 8: முடிவு

காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு வீட்டில் எல்லோரும் உட்காருங்கள். ஒருவர் அரைமனதாக இருந்தாலும் தள்ளிப்போடுங்கள், ஏனென்றால் அதிகாலை நடை பெரும்பாலும் அந்த ஒருவர் தலையில்தான் விழும்.

வழிமறித்தவர்களில் ஒருவர் உண்மையிலேயே வாளியைத் தூக்கிப் பார்த்தார். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. இரண்டாம் மாடியிலேயே பாதித் தண்ணீர் படியில் போய்விட்டதாம். அவர் கார்கி வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பஞ்சுவை நடத்த வருகிறார், எனக்கு ஒரு நாள் தூக்கம் மிச்சம்.

வாங்குவது என்று முடிவானால் குட்டி வரும் முன்பே மிதியடியும் சாய்தளமும் வந்து இறங்கட்டும். சாய்தளத்தைச் சின்ன வயதிலேயே பழக்குவது சுலபம், ஆறு வயதில் பஞ்சுவுக்குப் பழக்க எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது.