அட்டையைத் தகரமாக்கப் பார்க்காதீர்கள்

லீவுக்குப் பிள்ளைகளுக்கு அட்டையில் வண்டி செய்து கொடுக்க உட்காருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, கடையில் பார்த்த பொம்மையை அப்படியே அட்டையில் எடுக்க நினைப்பது. பெரிய கம்பெனிக்கே இது சரிப்படவில்லை. இரண்டாம் உலகப் போரில் உலோகமெல்லாம் ஆயுதத்துக்குப் போக, அமெரிக்காவில் 1942 நடுவில் உலோகப் பொம்மை உற்பத்தியை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். பொம்மை ரயிலுக்குப் பேர்போன லயனல், 1943-இல் அட்டை ரயில் ஒன்றை ஒரு டாலருக்கு விற்றது. சுமார் 250 துண்டுகள். ஒவ்வொன்றையும் வெட்டிய துளையில் செருகிச் சேர்க்க வேண்டும். சேர்ப்பதற்குள் பொறுமை போய்விடும் என்பதுதான் அதற்குக் கிடைத்த பெயர்.

அட்டைக்குப் பலம் மடிப்பில் இருக்கிறது. தீப்பெட்டியைப் பாருங்கள், எத்தனை மெல்லிசு! ஆகவே உருளையை விட்டுவிட்டுப் பெட்டி வடிவமாக யோசியுங்கள். சக்கரம் மட்டும் வட்டமாக இருந்தால் போதும். அச்சுக்குத் தடித்த ஈர்க்கில் ஒன்று. சக்கரத்தை ஒற்றை அட்டையில் வெட்டினால் நாலு உருட்டில் ஓரம் மசிந்துவிடும். மூன்று அடுக்கு ஒட்டுங்கள்.

அட்டைக்கும் மரம் மாதிரி ஒரு ஓட்டம் உண்டு. இரு பக்கமும் லேசாக வளைத்துப் பார்த்தால், ஒரு பக்கம் சொன்னபடி கேட்கும், மறுபக்கம் முறுக்கும். நீள மடிப்பு அந்த இணங்கும் பக்கமாக வரட்டும். மடிக்குமுன் மை தீர்ந்த பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கோடு போடாவிட்டால் மடிப்பு வெடித்துவிடும்.

பசையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். போஸ்டர் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பதுண்டு. அது விஷம், பிள்ளை வாயில் வைக்கும் சாமானுக்கு ஆகாது. மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) மாவு போதும். பச்சைத் தண்ணீரில் கரைத்த பிறகே அடுப்பில் ஏற்றுங்கள், இல்லையென்றால் கட்டி கட்டியாகும். வெள்ளை மறைந்து கண்ணாடியாகத் தெரிந்ததும் இறக்கலாம். (1942-இல் பர்மா அரிசி நின்றபோது திருவிதாங்கூரில், அதாவது அன்று அதில் சேர்ந்திருந்த நம்ம கன்னியாகுமரி ஊர்களிலும், வயிற்றை நிரப்பியது மரச்சீனிதான். அதில் பசை காய்ச்சியிருந்தால் முதுகு தோல் உரிந்திருக்கும்!) அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சுங்கள். புளித்த பசை பிடிக்காது.

பசையை அள்ளிப் பூசினால் அட்டை ஊறி வளையும். ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டினாலும் அப்படியே. பின்பக்கமும் ஒரு தாள் ஒட்டி, கனமான புத்தகம் ஏற்றி, நிழலில் காய விடுங்கள். வெயிலில் வைப்பது வேண்டாம். இடவப்பாதி மழையும் (தென்மேற்குப் பருவமழை) துலா மழையும் (வடகிழக்குப் பருவமழை) இரண்டும் பெய்கிற நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில், ஈரம் போகாமல் பீரோவில் பூட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும்.

பழைய வீட்டுப் பரணில், வெட்டிச் செய்யும் அந்தக்காலப் பொம்மைத் தாள் ஏதாவது வெட்டாமல் கிடைத்தால், கத்திரியோடு போகாதீர்கள். ஜெராக்ஸ் எடுத்து அதை வெட்டுங்கள். கிழிசலுக்குச் செல்லோடேப்பும் வேண்டாம்: கொஞ்ச வருஷத்தில் டேப் உதிர்ந்து, மஞ்சள் கறை மட்டும் தாளில் நிற்கும்.