கூத்துக் கலைஞர்கள் அரசு உதவிக்கு மனு எழுதுவது எப்படி

சேலம் மாவட்டம் தாரமங்கலத்தில் கோயிலுக்குப் போகும் வழியில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. டைப்பிங், பாஸ்போர்ட் போட்டோ, ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்து தருகிறேன். அப்பா தெருக்கூத்துக்கு முகவீணை வாசித்தவர். நாதஸ்வரம் மாதிரி சின்ன ஊதுகருவி அது. அந்தப் பழக்கத்தில் ஓமலூர், நங்கவள்ளி, ஜலகண்டாபுரம், மேச்சேரிப் பக்கத்துக் கூத்துக்காரர்கள் எழுத்து வேலை எதுவானாலும் என்னிடம்தான் வருவார்கள். பதினோரு வருடமாக அவர்களுக்கு மனு எழுதித் தருகிறேன். ஆரம்பத்தில் பாதிக்கு மேல் திரும்பி வந்தன. ஏன் திரும்பின என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மனுவிலிருந்து 'கருணை' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு சனிக்கிழமை. துரியோதனன் வேஷம் கட்டியே பேர் வாங்கிய ஒரு பெரியவர் மூத்த கலைஞர்களுக்கான மாத உதவித்தொகைக்கு மனு எழுத வந்திருந்தார். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்க, நான் டைப் செய்துகொண்டிருந்தேன். ஜெராக்ஸ் எடுக்க நின்ற ஒருவர் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "ஏம்மா, நாங்க கட்டற வரிப்பணத்துல கூத்தாடறவங்களுக்கு எதுக்கும்மா மாசம் மூவாயிரம்? ரோடு போடலாம், ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கலாம்ல?" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். ஆனால் பெரியவர் பதில் பேசாமல் ரேஷன் கார்டையும் ஆதாரையும் மஞ்சப்பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். "வேண்டாம் பாப்பா, விடு" என்றார். மேடையில் துகில் உரிய ஆணையிடும்போது ஊரே நடுங்கிய குரல் அது.

அவரைத் திரும்ப உட்கார வைக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. அன்றைக்கு அவருக்குச் சொன்னதையே இப்போது மனு எழுத வரும் எல்லோருக்கும் சொல்கிறேன். வரிப்பணம் என்று தனியாக யாரோ கட்டுவது கிடையாது. வேஷத்துக்கு முகத்தில் பூச முத்துவெள்ளை வாங்கும்போது, டார்ச்சுக்கு பேட்டரி வாங்கும்போது, ஜமாவை, அதாவது கூத்துக் குழுவை, ஏற்றிப்போகும் வண்டிக்கு டீசல் போடும்போது நீங்களும் கட்டியிருக்கிறீர்கள். நாற்பது வருடம் கட்டியிருக்கிறீர்கள்.

உதாரணத்துக்கு இன்னொரு திட்டத்தின் கணக்கும் சொல்கிறேன். இசைக்கருவியும் ஆடை அணிகலனும் வாங்க நாட்டுப்புறக் கலைஞர்கள் 500 பேருக்குத் தலா ரூ.10,000 தரும் திட்டம் ஒன்று இருக்கிறது. மொத்தம் 50 லட்சம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகை 7 கோடியே 21 லட்சம். தலைக்கு ஏழு பைசா. அந்த ஏழு பைசாவை எடுத்தால் எந்த ரோடும் நின்றுவிடாது. ஆனால் ஒரு முகவீணைக்கு வாயில் வைத்து ஊதும் நல்ல சீவாளி இல்லாமல் போனால் ஒரு ஜமா நிற்கும். அதை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

இது புதிதாக யாரோ கண்டுபிடித்த சலுகையும் இல்லை. சுதந்திரம் கிடைத்து ஆறு வருடம்கூட ஆகாத 1953 ஜனவரியில் இசை, நடனம், நாடகத்தை ஆதரிக்க டெல்லியில் சங்கீத நாடக அகாதமி தொடங்கப்பட்டது. 1955ல் இங்கே மாநில அளவில் ஒரு சங்கம் வந்தது. அதுதான் இன்றைய தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம். அதற்கும் முன்னால் போக வேண்டுமென்றால் என் கடையிலிருந்து நடந்து போனாலே போதும். கைலாசநாதர் கோயிலில் யாளியின் வாய்க்குள் உருளும் கல் உருண்டையைப் பிள்ளைகள் கைவிட்டு உருட்டிப் பார்ப்பார்கள். அதைச் செதுக்கிய கைக்குக் கூலி, இந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலிகளின் கஜானாவிலிருந்து போனது, அந்தக் கஜானாவில் இந்த ஊர் விவசாயியின் வரி இருந்தது. அந்த வரி வீண் என்று இன்றைக்கு தாரமங்கலத்தில் யாராவது சொல்வார்களா?

சரி, இனி மனுவுக்கு வருவோம்.

பழைய மனுக்களில் "ஏழையேன்மீது கருணை கூர்ந்து ஏதாவது உதவி செய்யுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்" என்றுதான் முக்கால் பக்கம் இருக்கும். அதைப் படிக்கும் அதிகாரிக்கு நீங்கள் யார் என்றே தெரியாது. இப்படி எழுதுங்கள்:

"நான் 1981 முதல் ஓமலூர், மேச்சேரி, நங்கவள்ளி வட்டாரங்களில் தெருக்கூத்தில் முதலில் பெண் வேடமும் பின்னர் துரியோதனன் வேடமும் கட்டி ஆடி வந்தேன். ஆண்டுக்குச் சுமார் நாற்பது இரவுகள் ஆடியிருக்கிறேன். முழங்கால் தேய்மானத்தால் 2019க்குப் பிறகு ஆட இயலவில்லை. என்னிடம் அடவு கற்ற ஆறு பேர் இன்றும் ஆடி வருகிறார்கள்."

நான்கே வரிதான். இதில் வேலை இருக்கிறது, வருடம் இருக்கிறது, இடம் இருக்கிறது, உங்களுக்குப் பின்னால் கலை நிற்கிறது என்பதும் இருக்கிறது.

இனி இதற்கு ஆதாரம். நமக்கு இதுதான் கஷ்டம். கூத்துக்கு பில் கிடையாது. வெற்றிலை பாக்கில் அட்வான்ஸ் வைத்துத் தேதி சொல்வார்கள், விடிந்ததும் மீதியை எண்ணிக் கொடுப்பார்கள், வண்டி ஏறிவிடுவோம். இரவு முழுக்க ஆடியதற்குச் சாட்சி அந்த ஊர் ஜனங்கள் மட்டும்தான். அதனால் இப்போது ஆடிக்கொண்டிருக்கும் தம்பிகள் எல்லோரும் தயவுசெய்து இன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, ஊர், கோயில், என்ன கதை, என்ன வேஷம், அழைத்தவர் பெயர், அவருடைய போன் நம்பர். இவ்வளவுதான். கர்ண மோட்சம் மாதிரி காரியத்துக்கு ஆடினாலும் எழுதுங்கள், அதுவும் வேலைதான். திருவிழா நோட்டீஸ் ஒன்று கேட்டு வாங்கி நோட்டுக்குள் வையுங்கள். பெரும்பாலான நோட்டீஸில் 'இரவு 10 மணிக்குத் தெருக்கூத்து' என்று மட்டும்தான் இருக்கும். அட்வான்ஸ் வாங்கும்போதே ஜமா பேரையும் அதை நடத்தும் வாத்தியார் பேரையும் போடச் சொல்லுங்கள். பாட்டுக் கச்சேரிக்காரர் பேரை பெரிய எழுத்தில் போடுகிறவர்கள் நம் பேரை ஒரு வரி போட மாட்டோம் என்று சொல்லமாட்டார்கள், கேட்டால் போடுவார்கள்.

போட்டோ விஷயத்தில் எல்லோரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். அந்தப் பெரியவர் கொண்டு வந்த போட்டோ அருமையான போட்டோ. கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம், முகம் முழுக்க சிவப்பு, முறுக்கிய மீசை. ஆனால் அதைப் பார்த்து இது இவர்தான் என்று யாரால் சொல்ல முடியும்? எனக்கே தெரியவில்லை. ஆதாரில் இருப்பது ஒடுங்கிய கன்னமும் நரைத்த தாடியும். வேஷத்துக்குப் பின்னால் ஆள் காணாமல் போவதுதான் கூத்தின் பெருமை, ஆனால் மனுவில் அதுவே இடைஞ்சல். அதற்கு நான் கண்டுபிடித்த வழி இது. வேஷம் போட உட்காரும்போது, பாதி முகத்துக்கு அரிதாரம் பூசி முடித்ததும் நிறுத்தச் சொல்லி ஒரு போட்டோ எடுங்கள். ஒரு பக்கம் நீங்கள், இன்னொரு பக்கம் துரியோதனன். அப்புறம் அதே உட்காரலில் முழு வேஷத்தோடு ஒன்று, ஆடும்போது ஜனங்களும் தெரிகிற மாதிரி ஒன்று. மூன்றையும் ஒரே தாளில் அச்சடித்து, பின்னால் ஊர் பேரும் தேதியும் எழுதிவிடுங்கள். அந்தப் பாதி முக போட்டோவை இணைத்த எந்த மனுவும் 'ஆள் அடையாளம் இல்லை' என்று என்னிடம் திரும்பி வந்ததில்லை.

பேர் ஒன்றாக இருக்கட்டும். ஜமாவில் ஒரு பேர், ஆதாரில் ஒரு பேர், ரேஷன் கார்டில் இனிஷியல் மாறிய பேர் என்றால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். வருமானச் சான்று கேட்டால் இ-சேவை மையத்தில் ரூ.60 கட்டி விண்ணப்பித்தால் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வரும். வங்கிக் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்பாவுக்கு உதவித்தொகை அனுமதியான பிறகும் ஏழு மாதம் பணம் வரவில்லை. ஒரு வங்கிக் கிளையில் போய்க் கேட்டால், ரொம்ப நாள் வரவு செலவு இல்லாததால் கணக்கு முடங்கிவிட்டது என்று அப்போதுதான் சொன்னார்கள். யாரும் ஒரு கடிதம்கூடப் போடவில்லை. அந்த ஏழு மாதத்தில் அவர் முகவீணையை ஒருவரிடம் விற்றுவிட்டார். மனு போடும் முன்னால் நூறு ரூபாய் போட்டு நூறு ரூபாய் எடுத்துவிட்டு வாருங்கள்.

எதற்கு எங்கே போவது என்பதில் பலருக்குக் குழப்பம். சுருக்கமாகச் சொல்கிறேன். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007ல் வந்தது. 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் உறுப்பினர் ஆகலாம். பிள்ளைகள் படிப்புக்கு, திருமணத்துக்கு, மூக்குக் கண்ணாடிக்கு, விபத்து மரணத்துக்கு, ஈமச்சடங்குக்கு உதவி அதில் வரும். 'எனக்கு எதுக்கு இப்போ' என்று தள்ளிப்போடாதீர்கள், 60 தாண்டிய பிறகு உறுப்பினர் அட்டை கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது எனக்கு மிகவும் வருத்தமான வேலை. ஆட முடியாமல் வருமானம் குறைந்த மூத்த கலைஞர்களுக்குத்தான் மாதம் ரூ.3,000. கருவிக்கும் உடைக்குமான பத்தாயிரம் இயல் இசை நாடக மன்றம் வழியாக. இவற்றுக்கெல்லாம் விவரம் கேட்க சேலத்தில் கலை பண்பாட்டுத் துறையின் மண்டல மையம் இருக்கிறது. நாமக்கல், தருமபுரிப் பக்கத்துக் கலைஞர்களும் அங்கேதான் வருவார்கள். மாவட்டக் கலை மன்றத்தின் விருதுகள் வேறு: கலை இளமணி, வளர்மணி, சுடர்மணி, நன்மணி, முதுமணி என்று வயதுவாரியாக ஐந்து. 18 வயது வரை இளமணி, 66 தொட்டால் முதுமணி. இதற்கும் அந்த நோட்டும் போட்டோவும் போதும்.

சிபாரிசுக் கடிதம் வேண்டவே வேண்டாம். ஒரு கட்சிக்காரர் கடிதத்தோடு போனால் அடுத்த தேர்தலுக்கு நீங்கள் யாருடைய மேடையில் பாடுவீர்கள் என்று அவர் முடிவு செய்துவிடுவார். அரசுக் காசு வாங்கினால் அரசு பாட்டுத்தான் பாட வேண்டியிருக்கும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் இரண்டையும் பிரித்து வைக்கச் சொல்கிறேன். டெங்கு, பிளாஸ்டிக், வாக்குரிமை என்று விழிப்புணர்வு நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டால் போய் ஆடுங்கள், அது கூலி வேலை, கூலியைப் பேசி வாங்குங்கள். ஏற்காடு கோடை விழாவில் மேடை கொடுத்தாலும் அப்படித்தான். ஆனால் முதுமையில் வரும் உதவியும் கருவிக்கு வரும் பணமும் நீங்கள் என்ன பாடினீர்கள் என்பதற்கு இல்லை, பாடினீர்கள் என்பதற்கு. கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரன் மணியக்காரரையும் ஊர்க் கவுண்டரையும் அவர்கள் எதிரிலேயே கேலி செய்துதானே இத்தனை நாள் கூத்து நடந்தது? அவர்கள்தான் சோறும் போட்டார்கள். அந்த உரிமையை விட்டுக்கொடுத்து எந்தப் பணமும் வாங்காதீர்கள்.

"நான் முடிச்சுத் தரேன், ஆயிரம் குடு" என்று யாராவது வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். விண்ணப்பத்துக்கு இடைத்தரகர் தேவையே இல்லை. எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பேத்தியை எழுதச் சொல்லுங்கள், அவளுக்கும் தாத்தா என்ன வேஷம் கட்டினார் என்று தெரிந்துபோகும்.

எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுங்கள். நேரில் கொடுத்தால் ஒரு நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். இரண்டு மாதம் கழித்து அந்த நம்பரைச் சொல்லி விசாரியுங்கள், திரும்பி வந்தால் காரணம் எழுதியிருப்பார்கள், அதை மட்டும் சரி செய்து மறுபடி போடுங்கள். அந்தப் பெரியவர் மனு இரண்டு முறை திரும்பியது. மூன்றாவது முறை பாஸ் ஆனது.

சேலம் போகிற அன்றைக்கே வீட்டில் பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பிள்ளை இருந்தால் கூடவே கூட்டிக்கொண்டு போய் மாவட்ட அரசு இசைப்பள்ளியையும் காட்டிவிட்டு வாருங்கள். நாதஸ்வரம், தவில், மிருதங்கம் மூன்று வருடம் சொல்லிக் கொடுக்கிறார்கள். முகவீணை அங்கே கிடையாது. அதற்கு அப்பாவிடம் படித்த ஒரு அண்ணன் எங்கள் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்காருகிறார். அப்பா விற்ற அந்த முகவீணையை அவர்தான் தேடிப்பிடித்து, அரசு கொடுத்த பத்தாயிரத்தில் வாங்கி வந்தார்.