அவசர சிகிச்சைப் புத்தகம்: வாங்கும் முன் கடையிலேயே புரட்டிப் பாருங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் ஹவுஸ் சர்ஜனாகச் சேரும் தம்பி தங்கைகள் முதலில் கேட்பது இதைத்தான்: "அண்ணா, கேஷுவால்டிக்கு எந்த புக் வாங்கணும்?" அவசர சிகிச்சைக்குப் பலரும் படிக்கும் இரண்டு அமெரிக்கப் பாடநூல்கள் டின்டினாலி, ரோசன். டின்டினாலியா ரோசனா என்பதைவிட எந்தப் பதிப்பு என்பதுதான் முக்கியம்.

படி 1: தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். பதிப்பு வெளியான ஆண்டும் மறு அச்சின் ஆண்டும் தனித்தனியாக இருக்கும். பதிப்பு ஆண்டுதான் கணக்கு. மறு அச்சின் ஆண்டைப் பார்த்துப் புதுசு என்று நம்பி ஒரு கடையில் நான் வாங்கியது, உள்ளே ஏழு வருடம் பழையது.

படி 2: சிபிஆர், அதாவது இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் உயிர்காப்பு, அந்தப் பக்கத்துக்குப் போங்கள். நெஞ்சை அழுத்துவதற்கு முன் மூச்சுக்குழாயைப் பார்க்கச் சொன்னால் அது 2010-க்கு முந்தைய பாடம், கீழே வைத்துவிடுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் 5 முதல் 6 செ.மீ. என்று இருந்தால் 2015-க்குப் பிந்தையது. சரி, அதுவும் போதாது. ரோசன் 10-ஆம் பதிப்பு வந்தது 2022-இல்; அமெரிக்க இதய சங்கத்தின் வழிகாட்டுதல் 2025-இல் மறுபடி புதுப்பிக்கப்பட்டது. அதைத் தனியாக இறக்கிக்கொள்ளுங்கள்.

படி 3: பக்கவாதம். ரத்தக்கட்டியைக் கருவி வைத்து எடுப்பதற்குச் சில நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரை வாய்ப்புண்டு என்று இருக்கிறதா? இது 2018-இல் வந்த மாற்றம்.

படி 4: பாம்புக்கடி. நம் மாவட்டத்துக்கு இதுதான் பெரிய சோதனை. அமெரிக்கப் புத்தகங்களில் கிலுகிலுப்பைப் பாம்புக்குப் பக்கம் பக்கமாக இருக்கும். குலசேகரம் பக்கம் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போனவரைத் தூக்கி வரும்போது அது உதவாது. 20 நிமிட ரத்த உறைதல் சோதனையைத் தேடுங்கள்: சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம், பிளாஸ்டிக் கூடாது. அசைக்காமல் வைத்து, 20 நிமிடம் கழித்து ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன் போன்ற பாம்பின் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது.

அப்புறம், நம் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்குத்தான். மலையடிவாரத் தோட்டங்களில் இருக்கும், மூக்கு மேலே தூக்கிய குழிவிரியனுக்கு அது கேட்காது. அந்தக் கடியில் சிறுநீரகமே போகலாம். இதைச் சொல்லாத புத்தகத்தோடு இந்தியாவின் பாம்புக்கடி வழிகாட்டுதலையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் புத்தகத்தில் சிபிஆர் அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் 2025 மாற்றங்களைக் கைப்பட எழுதி ஒட்டியிருக்கிறேன். பாம்புக்கடிப் பக்கத்தில் இன்னொரு தாள்.