கச்சேரி கேட்கப் பழகுவது எப்படி? மோகனத்திலிருந்து தொடங்கலாம்

"பாட்டு நல்லாத்தான் இருக்கு, ஆனா என்ன நடக்குதுன்னு புரியலையே." காரைக்குடியில் என்னோடு கச்சேரிக்கு வந்த நண்பர்கள் பலரும் இதைச் சொல்லியிருக்கிறார்கள். கர்நாடக சங்கீதத்தை ரசிக்கப் பாடத் தெரிய வேண்டியதில்லை. ஒரே ஒரு ராகத்தை எடுத்துக்கொண்டு, அது காதுக்குப் பழகும்வரை விடாமல் கேளுங்கள்.

காரைக்குடிப் பக்கத்துக்காரர்களான நமக்கு இதில் தனி உரிமையே உண்டு. இன்று மேடைகளில் நாம் கேட்கும் கச்சேரி முறையை வகுத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967). காரைக்குடிக்குப் பக்கத்து ஊர்க்காரர். அவருடைய குரு, பூச்சி ஐயங்கார் என்று எல்லோரும் அழைத்த ராமநாதபுரம் சீனிவாச ஐயங்கார். அந்தக் குரு இயற்றிய 'நின்னு கோரி' என்ற மோகன ராக வர்ணம்தான் (வர்ணம் என்பது சொற்களும் ஸ்வரங்களும் கலந்த ஒரு பாட்டு வகை) நம் முதல் பாடம்.

படி 1: ராகத்தைத் தொட்டுப் பாருங்கள்

போனில் ஏதாவது ஒரு பியானோ செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். கறுப்புக் கட்டைகள் இரண்டிரண்டாகவும் மும்மூன்றாகவும் இருக்கும். மூன்று சேர்ந்திருக்கும் இடத்தில் முதல் கட்டையை 'ச' என்று வைத்து, வலப்பக்கமாகக் கறுப்பை மட்டும் அழுத்திக்கொண்டே போங்கள். ச, ரி, க, ப, த, மறுபடி மேல் ச. அவ்வளவுதான், மோகனம். ம, நி இரண்டும் இதில் கிடையாது. கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் அலங்காரம், இல்லாத வெறும் எலும்புக்கூடுதான் இது. ஆனாலும் பத்து நிமிடம் மேலும் கீழும் வாசித்துப் பார்த்தால், எங்கேயோ கேட்ட சினிமாப் பாட்டெல்லாம் எட்டிப் பார்க்கும்.

படி 2: ஒரே பதிவை ஒரு வாரம்

யூடியூபில் நின்னு கோரி வர்ணம் ஏராளமாகக் கிடைக்கும். வாய்ப்பாட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒரு வாரம் அதையே கேளுங்கள். ஆள் மாற்றிக் கேட்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். வர்ணத்தை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதில் பாதிக்கு மேல் ஸ்வரங்களைப் பெயர் சொல்லியே பாடுவார்கள். நீங்கள் அழுத்திய அதே ச ரி க ப த இப்போது பாடுபவர் வாயிலிருந்து வரும். ம வருகிறதா, நி வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு பாருங்கள். வராது. அது நிச்சயமாகும்போது ஏற்படும் சந்தோஷம் பெரியது.

போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். தம்புராவும் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கமும் (கனத்த ஒலி தரும் பக்கம்) அதில் காணாமல் போய்விடும். சாதாரண ஹெட்போன் போதும்.

படி 3: கையில் தாளம்

ஆதி தாளம், எட்டு எண்ணிக்கை. தட்டு, சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல். அப்புறம் தட்டு, வீச்சு (உள்ளங்கையை மேலாகத் திருப்புவது), தட்டு, வீச்சு. தொடையில் போட்டால் போதும். ஒரு கோயில் கச்சேரியில் எனக்கு முன்வரிசையில் இருந்த ஆச்சி ஒருவர் என் கையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "பாட்டு ஓடுனா நீயும் ஓடாதப்பா. கை அதுபாட்டுக்குப் போகட்டும்" என்றார். அவர் விரல் சுவர்க் கடிகாரம் போல நிதானமாக விழுந்துகொண்டிருந்தது. ஸ்வரம் வேகமெடுத்தாலும் தாளம் வேகமெடுக்காது என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

படி 4: நேரில் போங்கள்

அரியக்குடி வகுத்த வரிசை தெரிந்திருந்தால் இரண்டரை மணி நேரம் போவது தெரியாது. முதலில் வர்ணம். பிறகு விறுவிறுப்பான சின்னக் கீர்த்தனைகள். நடுவில் பெரிய உருப்படி: வார்த்தை இல்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனை, கீர்த்தனை, அதில் ஒரு வரியையே விதவிதமாகப் பாடும் நிரவல், ஸ்வரங்களை அங்கேயே கற்பனை செய்து பாடும் கல்பனாஸ்வரம், கடைசியில் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம். சில கச்சேரிகளில் ராகம் தானம் பல்லவி என்று ஒரே வரியை வைத்து விரிவாகப் பாடும் பகுதியும் உண்டு. அப்புறம் துக்கடாக்கள் என்னும் சின்னச் சின்னப் பாட்டுகள், முடிவில் மங்களம்.

தனி ஆவர்த்தனத்தில் காப்பி குடிக்க எழுந்து போகாதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். மிருதங்கமும் கடமும் மாறி மாறிப் பேசும் அந்த நேரத்துக்குத்தான் நீங்கள் தாளம் போடக் கற்றதே. அந்தக் கடம் நம் மானாமதுரை மண்ணில் செய்ததாகவும் இருக்கலாம்.

வயலின்காரரையும் கவனியுங்கள். பாடகர் ஆலாபனையில் விட்ட இடத்தை அவர் எப்படித் தொடுகிறார் என்று பார்ப்பது தனிச் சுகம்.

படி 5: வளவில் வரும் நாயனம்

சபா தேடி சென்னைக்குப் போக முடியவில்லையா, நம் கல்யாண வீடுகளே போதும். மைக் இல்லாமல் வளவில் (வீட்டு நடு முற்றத்தில்) நாயனம், அதாவது நாதஸ்வரம், வாசிக்கும்போது பட்டாலையில் (முற்றத்தை ஒட்டிய கூடத்தில்) ஒரு தூணோரமாக உட்காருங்கள். சத்தம் நாலு பக்கச் சுவரிலும் பட்டுத் திரும்பி வரும். தவில் அடி ஆத்தங்குடிக் கல் தரை வழியாகக் காலில் ஏறும். எந்தப் பதிவிலும் இது கிடைக்காது. வாசித்து முடித்து நாயனக்காரர்கள் சீவாளியை (நாயனத்தில் ஊதும் நாணல் துண்டை) துடைத்துக்கொண்டிருக்கும்போது, "ஐயா, இப்ப வாசிச்சது என்ன ராகம்?" என்று கேளுங்கள். சந்தோஷமாகச் சொல்வார்கள். மோகனம் என்று பதில் வந்து, அதை நீங்கள் முன்பே கண்டுபிடித்திருந்தால், அன்றிரவே அடுத்த ராகமாகக் கல்யாணியைத் தொடங்கிவிடலாம்.