மாலையைத் திருப்பித் தராத அண்ணனை மன்னிப்பது எப்படி

தமிழ்நாட்டு எல்லையிலுள்ள களியக்காவிளைக்கும் கேரள எல்லையிலுள்ள பாறசாலைக்கும் இடைப்பட்ட எங்கள் ஊர்களில் ஒருவரோடு ஒருவர் மிண்டாமல், அதாவது பேசாமல், இருப்பது எளிது. பார்க்காமல் இருப்பதுதான் நடக்காத காரியம். 1956 நவம்பர் 1 வரை ஒரே ஆட்சியின் கீழ் இருந்த இந்த நிலத்தில் பெண் கொடுத்ததும் எடுத்ததும் இரு பக்கமும் பரவிக் கிடப்பதால், பிணங்கிய உறவினரை அந்தப் பக்கத்துக் கல்யாண மண்டபத்திலோ இந்தப் பக்கத்து மரண வீட்டிலோ எப்படியும் சந்தித்தாக வேண்டும். பந்தியில் யார் பக்கத்தில் உட்காருவது என்ற கேள்வியிலேயே மன்னிப்பு இங்கே தொடங்கிவிடுகிறது.

என் பெரியப்பா மகன் வளைகுடாவுக்குப் புறப்பட்டபோது, விசாச் செலவுக்காக என் மனைவியின் 5 பவுன் மாலையை வாங்கிக்கொண்டுபோய் அடகு வைத்தார். ஓராண்டில் மீட்டுத் தருவதாகச் சொன்ன மாலை ஏலத்தில் போய்விட்டது என்பதை நான் அறிந்தது அவர் வாயிலிருந்து அல்ல, சாயாக் கடையில் மூன்றாம் மனிதர் ஒருவரிடமிருந்து. அதன் பிறகு ஒரு கல்யாண வீட்டில், கொடுத்ததைச் சொல்லிக்காட்டுகிறவன் என்று மயினி, அதாவது அந்த அண்ணனின் மனைவி, என்னைப் பலர் முன்னிலையில் சொன்னார்.

இப்படியொரு காயம் உங்களுக்கும் இருந்தால், முதலில் அதைத் தாளில் எழுதுங்கள். ‘ஏமாற்றிவிட்டார்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், என்ன நடந்தது, அப்போது மனம் என்ன பாடுபட்டது என்ற இரண்டையும் எழுத வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்களை வருத்திய நிகழ்வுகளை நாளொன்றுக்கு 15 நிமிடம் வீதம் தொடர்ந்து 4 நாட்கள் எழுதினார்கள். நிகழ்வையும் உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரை நாடியது குறைந்திருந்தது. எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனம் முன்னைவிடக் கனத்தது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது, ஆகவே முதல் நாள் எழுதிவிட்டு அழுகை வந்தால் பேனாவை மூடிவிடாதீர்கள். நான் எழுதிய தாளில் 5 பவுன் ஒரே வரியில் முடிந்துபோயிருந்தது. மயினியின் பேச்சு முக்கால் பக்கத்தை அடைத்துக்கொண்டிருந்தது. எனக்கு வலித்தது எது என்று அன்றுதான் தெரிந்தது.

அடுத்து, எழுதியதைக் கணக்காகப் பிரியுங்கள். பைபிளின் மத்தேயு சுவிசேஷத்தில் இயேசு கற்றுத்தரும் பரமண்டல ஜெபம் மன்னிப்பைக் கடன் என்ற சொல்லால்தான் கேட்கிறது. சிறுவயது முதல் அதைச் சொல்லி வந்த எனக்கு, கடனைத் தள்ளுபடி செய்வதற்கு முன் அது எவ்வளவு என்று தெரிய வேண்டுமே என்ற எண்ணம் வெகுகாலம் தோன்றவில்லை. வசூலிக்கக் கூடியது ஒரு பக்கம், ஒருநாளும் திரும்பி வராதது மறுபக்கம். பலர் முன்னிலையில் பட்ட அவமானமும் அண்ணன் என்ற நம்பிக்கையும் இரண்டாவது பக்கத்தைச் சேர்ந்தவை. நாம் மன்னிக்க வேண்டியது அவற்றைத்தான்.

முதல் பக்கத்தில் இருப்பதை மன்னிப்போடு குழப்பிக்கொள்ளக் கூடாது, ஏனென்றால் மனம் ஆறும்வரை சட்டம் காத்திருக்காது. கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்கு வழக்குத் தொடர 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் 3 ஆண்டுகளே தருகிறது. அந்தக் கெடு முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தால், அந்த நாளிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும். வழக்கு வேண்டாம் என்று நினைப்பவர்கள் வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்கலாம். அங்கே இருவரும் ஒப்புக்கொண்டு ஏற்படும் முடிவு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமமானது, அதன்மேல் முறையீடு கிடையாது. மன்னித்தவன் பணத்தைக் கேட்கக் கூடாது என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். அவர்களில் பலர் பணம் கொடுத்தவர்கள் அல்ல.

மன்னிப்பது என்று முடிவு செய்த பிறகும் கோபம் போகவில்லையே என்று திகைக்காதீர்கள். பல ஆண்டுகள் மன்னிப்பை ஆராய்ந்துவந்த எவரெட் வொர்திங்டன் என்ற உளவியலாளரின் தாய், 1996 புத்தாண்டை ஒட்டி வீட்டுக்குள் நுழைந்த ஒருவனால் கொல்லப்பட்டார். பழிவாங்குவதில்லை என்று தீர்மானிப்பது ஒரு வகை மன்னிப்பு, கசப்பு வடிந்து உள்ளம் மாறுவது வேறொரு வகை என்று அவர் பிரிக்கிறார். முதலாவதை ஒரு மாலைப்பொழுதில் செய்துவிடலாம். இரண்டாவதற்கு ஆண்டுகள் ஆகலாம். தீர்மானித்த தேதியை எழுதி, வீட்டில் ஒருவரிடம் சொல்லியும் வையுங்கள். பழைய கோபம் பொங்கும்போது, தீர்மானம் பொய்த்துவிட்டது என்று எண்ணாமல் அந்தத் தேதியை எடுத்துப் பார்க்கலாம்.

இவ்வளவும் நடந்து முடிந்த தீங்குக்குத்தான் பொருந்தும். இன்றும் அடிக்கிற கணவனையோ மிரட்டுகிற மகனையோ பொறுத்துப்போவது மன்னிப்பில் சேராது. முதலில் அங்கிருந்து பாதுகாப்பாக வெளியேற வேண்டும், பெண்களுக்கான 181 என்ற உதவி எண் எல்லையின் இரு பக்கமும் ஒன்றே. மன்னித்தவரோடு மீண்டும் நெருங்கிப் பழகுவதும் தனியாக எடுக்க வேண்டிய முடிவுதான்.

நேரில் சந்திக்கும்போது ‘உன்னை மன்னித்துவிட்டேன்’ என்று அறிவிக்காதீர்கள்; தான் தவறே செய்யவில்லை என்று நம்புகிறவருக்கு அது இன்னொரு குற்றச்சாட்டாகவே கேட்கும். அண்ணனின் அம்மாவான என் பெரியம்மை இறந்த அன்று, முற்றத்தில் போட்டிருந்த நாற்காலியில் அண்ணன் தனியாக உட்கார்ந்திருந்தார். கட்டன்சாயா கொண்டுவந்த பையனிடமிருந்து இரண்டு தம்ளரை வாங்கி ஒன்றை அவரிடம் நீட்டி, “சுகருக்கு மருந்து எடுக்குதியளா அண்ணே?” என்று கேட்டேன். எடுப்பதாகத் தலையசைத்தார். மாலையைப் பற்றி இருவரும் பேசவில்லை. கெடு முடிவதற்கு முன் அவர் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்த தாள் என் பீரோவில்தான் இருக்கிறது. இரண்டு தவணை வந்திருக்கிறது, மூன்றாவதற்கு அடுத்த மாதம் நினைவூட்ட வேண்டும்.