அழுததால் வந்த நெஞ்சுவலி என்று சோடா வாங்கப் போகாதீர்கள்

காசிமேட்டில் ஏலம் எடுத்து மீன் விற்பவர் எங்கள் பெரியம்மா. பெரியப்பா போன மூன்றாம் நாள் அவருக்குத் தாடை இழுத்தது, முதுகு வலித்தது, மூச்சு வாங்கியது. அழுது அழுது கேஸ் ஏறியிருக்கும் என்று நாங்களே முடிவு கட்டி பன்னீர் சோடா கொடுத்தோம், இரண்டு மணி நேரம் போச்சு. இதே பெரியப்பா ஒருமுறை நெஞ்சில் கை வைத்தபோது ஐந்தே நிமிடத்தில் ஆட்டோ வாசலில் நின்றது.

ஆண், பெண் இருவருக்கும் பொதுவாக வருவது நெஞ்சுவலிதான். ஆனால் பெண்களுக்கு அதோடு தாடை, கழுத்து, முதுகு வலி, குமட்டல், அசாத்தியக் களைப்பு எல்லாம் சேர்ந்து வருவது அதிகம், சிலருக்கு நெஞ்சுவலியே இருக்காது. துக்க வீடு, சண்டை, கடன்காரர் வாசலில் நின்ற நாள், அன்று இப்படி வந்தால் உடனே 108. டூவீலரில் நடுவில் உட்கார வைத்து கன்டெய்னர் லாரிகளுக்கு இடையே ஓட்டாதீர்கள்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியோ வேறு எதுவோ, கேஷுவாலிட்டியில் "டென்ஷன்ல இருக்காங்க டாக்டர்" என்று ஆரம்பிக்க வேண்டாம். முதலில் என்ன செய்கிறது, எத்தனை மணிக்குத் தொடங்கியது, சுகர், பிபி உண்டா, இவ்வளவுதான். துக்கத்தை அப்புறம் சொல்லலாம், ஆனால் கட்டாயம் சொல்லுங்கள். பத்து நிமிடத்துக்குள் இசிஜி எடுக்க வேண்டும், ட்ரோபோனின் (இதயத் தசை பாதித்ததா என்று காட்டுவது) ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். முதல் இசிஜி நார்மல் என்றதும் கிளம்பிவிடாதீர்கள், திரும்ப எடுக்க வேண்டியிருக்கும்.

மன அழுத்தம் வந்தால் ஆண்களுக்கு பிபியும் துடிப்பும் ஏறி இதயத்துக்கு வேலை கூடுவது அதிகம். பெண்களுக்குச் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் சுருங்குவது அதிகம். அதனால் இதய ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோவில் பிளாக் இல்லை என்றால் ஒன்றுமே இல்லை என்று அர்த்தமில்லை, எக்கோ (இதய ஸ்கேன்) பார்க்கச் சொல்லுங்கள். பெரியம்மாவுக்கு வந்தது டகோட்சுபோ, கடும் துக்கம், அதிர்ச்சி போன்றவற்றால் வரும் இதயக் கோளாறு. ஜப்பானில் 1990-ல் வைத்த பெயர், ஆக்டோபஸ் பிடிக்கும் பானையாம், இதயத்தின் இடது கீழறை அந்தப் பானை மாதிரி உப்பிக்கொள்ளும் (கடலில் இருப்பவர்களுக்கு உடனே புரிகிறது!). இது வருபவர்களில் சுமார் 90 சதவீதம் பெண்கள், அதிலும் மாதவிடாய் நின்றவர்கள். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். ஆண்களுக்கு அபூர்வம், ஆனால் வந்தால் உயிரிழப்பு அவர்களிடம்தான் கூடுதல், ஏனென்றால் பெரும்பாலும் வேறொரு கடும் நோயோ ஆபரேஷனோ அதைக் கிளப்பியிருக்கும். சாதா ஹார்ட் அட்டாக்கா இதுவா என்று வீட்டில் யாராலும் பிரிக்க முடியாது, முயற்சியும் செய்யாதீர்கள்.

ஆறு வாரம் கழித்து எடுத்த எக்கோவில் பெரியம்மாவுக்குச் சரியாகியிருந்தது. இப்போது மறுபடி ஏலத்துக்குப் போகிறார். அடுத்த தடவை ஏதாவது என்றால் அவரே 108 அடித்துக்கொள்வாராம், எங்களை நம்பி இல்லையாம்.